வாணிகப் பட்டத்தின் வாயில்

சென்ற பள்ளி விடுமுறையில் தாப்பாவிலிருந்து மலையேறி ரிங்லெட் கடைத்தெருவில் இறங்கினோம். அங்கே ஒரு தேநீர்க் கடையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து எம்மிடம் நீட்டினார். "ஐயா, என் மகள் வணிகம் படிக்க வேண்டும் என்கிறாள். இதில் என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பொதுப் பல்கலைக் கழகமொன்றில் வணிக நிர்வாகப் பட்டப் படிப்புக்கு வேண்டிய தகுதிகளை மலாய் மொழியில் அச்சிட்ட தாள் அது. பத்துப் பன்னிரண்டு வரிகளே இருந்தன. படித்துச் சொல்லக் கால் மணி நேரமும் ஆகவில்லை. ஆனால் அவ்வரிகள் ஒவ்வொன்றின் பின்னும் நெடிய வரலாறு ஒன்று நிற்கின்றது. அதைக் கால் மணியில் சொல்ல இயலாதாகையால் இங்கே எழுதுகின்றோம்.

வாணிகத்தைப் பல்கலைக் கழகத்திற் கற்பதென்பது உலகிற்கே பழமையான வழக்கமன்று. நம்மவருள் வாணிகம் கற்கும் இடம் கடையும் கிட்டங்கியுமாகவே இருந்தது. மலாயாவின் பட்டணங்களில் லேவாதேவி நடத்திய நகரத்தார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் பிள்ளை முதலிற் பெட்டியடிப் பையனாக உட்காருவான். பெட்டியைத் துடைப்பது முதல் பேரேடு எழுதுவது வரை படிப்படியாகப் பழகுவான். வாய்க்கணக்கில் வட்டி சொல்லக் கற்பான், ஐந்தொகை எடுக்கக் கற்பான். அடுத்தாளாகிக் காலம் கழித்து மேலாளாக உயருவான். இன்றைய பட்டதாரிகள் பலரும் கண்டு நாணத்தக்க கணக்குப் பயிற்சி அது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அப்பள்ளியிற் சேருதற்கு விண்ணப்பமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பிறப்பு ஒன்றே தகுதி. அதிலும் ஆணாய்ப் பிறத்தல் வேண்டும். அங்கே பெட்டியடிப் பையன் உண்டு, பெட்டியடிப் பெண் இல்லை.

இந்தப் பிறப்புத் தகுதியை உடைத்துப் பள்ளிக்கூடத் தகுதியை அதன் இடத்தில் வைத்ததே வாணிகக் கல்வி செய்த முதற் காரியம். அமெரிக்காவிற் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபரின் கொடையால் 1881-இல் வாணிகப் பள்ளி பிறந்தது. வியப்பு யாதெனின், அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1886-இல், சென்னையிலேயே பச்சையப்பர் அறநிலையத்தார் வாணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கிவிட்டனர். இந்தியாவின் வாணிகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் பலரும் இதனையே தொடக்கமாகக் கொள்வர். பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரி 1913-இல் வந்ததே. பச்சையப்ப முதலியாரோ எந்தக் கல்லூரியிலும் வாணிகம் கற்றவரல்லர். தந்தையை இழந்த பிள்ளையாய்ச் சென்னைக்கு வந்து, பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, அவரிடமே தொழில் பழகிப் பெருஞ்செல்வரானவர். 1794-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பொருள் நெடிய வழக்குகளுக்குப் பின்னரே கல்விக்குப் பயன்பட்டது.

ஆயினும் இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. அந்த அறநிலையத்தின் கல்லூரி இந்துக்களுக்கே உரியதென 1947 வரை வைக்கப்பட்டிருந்தது. இந்துக்களுள்ளும் ஆதித்திராவிடப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் அதன் கதவு அடைபட்டிருந்தது. அதே காலத்தில், அக்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுள் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவின் இரப்பர்க் காடுகளுக்கு வந்துகொண்டிருந்தனர். வாணிகப் பள்ளி கண்ட தமிழகம் அவர்களைப் பள்ளிக்குள் விடவில்லை, வாணிகச் சரக்காக்கி அனுப்பியது. பிறப்பை வாயிலில் விட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்ட கல்வி, பின்கட்டு வழியாக அதை உள்ளே அழைத்துக்கொண்டது.

இனி மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் இம்மலையை அளந்தது 1885-இல். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று நட்டவருள் தமிழர் முன்னின்றனர். ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைத்தல் வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல தோட்டங்களில் அவை பெயரளவிற் பள்ளிகளாகவே இருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில இடங்களில் அவ்வாசிரியரும் கணக்குப்பிள்ளையோ கங்காணியோ ஆவார். தமிழில் நாலைந்து வகுப்போடு படிப்பு முடியும்.

1928-இற் சிங்கப்பூரில் திறக்கப்பெற்ற இராபிள்ஸ் கல்லூரியிற் பொருளியல் ஒரு பாடமாக இருந்தது. அங்கே கிடைத்தது பட்டமன்று, டிப்ளோமா. அதற்கும் ஆங்கிலப் பள்ளியிற் படித்து உயர்நிலைப் பரீட்சை தேறியிருத்தல் வேண்டும். ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில், பிள்ளை தோட்டத்தில். இடையே இருந்த தூரத்தைக் கல் கணக்கில் மட்டும் அளந்தால் உண்மை விளங்காது. அந்நாளில் தோட்டத்துக் கிராணி வேலையே ஆங்கிலம் கற்ற பிறர்க்குப் போயிற்று. கொழுந்து கிள்ளியவள் நிறுவைத் தட்டின் முன் நின்றாள். எடையைக் குறித்துச் செக்ரோலில் எழுதியவர் வேறொருவர். தன் உழைப்பின் கணக்கைத் தானே படிக்க இயலாத கூட்டத்திற்கு வாணிகக் கல்வி எவ்வளவு தேவையாயிருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இராபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8-இல் மலாயாப் பல்கலைக் கழகம் ஆயின. அப்பல்கலைக் கழகத்தில் தமிழ் நிலைபெறுதற்பொருட்டு, 1950-களிற் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டியபோது, பால்மரம் வெட்டிய கைகளும் வெள்ளி கொடுத்தன. தம் பிள்ளை அதன் படியை மிதிப்பானா என்று கேளாமலே கொடுத்தனர். கோலாலம்பூர் வளாகம் 1962-இல் தனிப் பல்கலைக் கழகமாயிற்று. பொருளியலும் நிர்வாகமும் சேர்ந்த புலம் அங்கே 1966-இல் அமைந்தது. வணிகமும் கணக்கியலும் அதிலிருந்து பிரிந்து தனிப் புலமானது 1997-இல்.

இதற்கிடையே வாயிலின் மொழி மாறிற்று. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்க்கு மாறின. நாட்டு மொழி கல்வி மொழியாதல் இயல்பே, அதனை யாம் குறை கூறோம். ஆனால் தோட்டப் பிள்ளைக்கு நேர்ந்ததைக் காணுங்கள். ஆங்கிலத்தை எட்டிப் பிடிக்கும் முன்னரே படி இடம் மாறிவிட்டது. மலாயிற் போதிய தேர்ச்சியின்றித் தமிழ்ப்பள்ளி முடித்தவர்க்குப் 'பெராலிஹான்' எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாயிற்று. வறிய வீட்டில் அந்த ஓராண்டே பலருடைய படிப்பை முடித்துவிட்டது. 1971-இற் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பல்கலைக் கழக இடங்கள் இன அளவிற் பகுக்கப்பட்டன. 2002-இல் அந்த அளவு முறை நீக்கப்பட்டுத் தகுதி முறை வந்தது. ஆயினும் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்னும் இரு வேறு பரீட்சைகளை ஒரே தராசில் நிறுக்கலாமா என்னும் வாதம் ஓயவில்லை. மெட்ரிகுலேஷன் வகுப்பில் இந்திய மாணவர்க்கு 2,200 இடங்கள் என்று 2018-இல் அறிவிக்கப்பட்டதும் அவ்வாதத்தின் ஓர் அத்தியாயமே.

இப்போது அந்தத் தாளைப் பார்ப்போம். முதல் வரி, மலேசியக் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்பது. படிப்போர் பலர் கண்ணோடாது கடந்துபோகும் வரி இது. தோட்டத்தில் இதைக் கடக்க இயலாது நின்றவர் உண்டு. பிறப்புப் பத்திரம் எடாது விட்ட வீடுகள் எத்தனை! சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர் எத்தனை பேர்! 1969-இல் வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமானபோது பிழைப்பிழந்து கப்பலேறியவர் எத்தனை பேர்! பிள்ளை பதினெட்டு வயதில் எதிர்கொள்ளும் இந்த வரிக்கு, அது பிறந்த சில நாளிலேயே பதிவலுவலகத்தில் விடை எழுதியாக வேண்டும்.

அடுத்தது எஸ்.பி.எம். பரீட்சையில் மலாய் மொழியிற் கிரெடிட் எனப்படும் நற்றேர்ச்சி. பின் வரலாற்றுப் பாடம். 2013 முதல் அதிலும் தேறினாலன்றி எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வணிகத்திற்குக் கணிதத் தேர்ச்சி வேண்டும், சில இடங்களில் நற்றேர்ச்சியே கேட்பர். அதற்கு மேல் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா இவற்றுள் ஒன்று. ஆங்கிலத்திற்கு மூவெட் பரீட்சை. உள்ளே சென்றபின் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் மணி. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்பது மலேசியத் தகுதி முகமையின் கணக்கு. ஆக 4,800 மணி. நாளொன்றுக்கு எட்டு மணியாகக் கொண்டால் 600 நாள் வேலை. இதைச் சொன்னபோது அத்தொழிலாளி சிரித்துவிட்டார். "அவ்வளவுதானா? அவள் அம்மா இருபது வருஷமாய்க் கொழுந்தெடுக்கிறாள்" என்றார்.

பட்டப் படிப்பின் கதவு பல்கலைக் கழக வாயிலில் இருப்பதாக நம்மவர் எண்ணுகின்றனர். எமக்கோ அது நான்காம் படிவத்து வகுப்பறையிலும், அதற்கும் முன்னே ஆறாம் வகுப்பின் மலாய்ப் பாடப் புத்தகத்திலும் இருப்பதாகத் தோன்றுகின்றது. கிட்டங்கியின் தகுதி எங்கும் எழுதப்படவில்லை, ஆகையால் எவரும் அதனை எதிர்த்து வாதிடவும் இயலவில்லை, முயன்று பெறவும் இயலவில்லை. இந்தத் தாளின் தகுதிகள் எழுதப்பட்டவை. அநீதி இருப்பின் சுட்டிக் காட்டலாம், முயற்சி இருப்பின் எட்டிப் பிடிக்கலாம். ஆனால் பதினேழு வயதிற் கிடைக்க வேண்டிய தாள் அன்று அது, பன்னிரண்டு வயதிலேயே வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டியது. பட்டணத்துப் பிள்ளைக்கு அண்ணனோ மாமனோ அதைச் சொல்லிவிடுகிறான். லயத்து வீட்டிற் சொல்ல எவர் உளர்? ஆலயக் கூட்டத்திலும், வாசகசாலையிலும், பள்ளி ஆண்டு விழாவிலும் மாலை மரியாதைகளுக்குச் செலவிடும் நேரத்திற் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் எவருக்கும் நட்டமில்லை.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தோம். மகள் எந்தப் படிவம் என்று வினவினோம். மூன்றாம் படிவம் என்றார். மலாயில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டோம். அவர்க்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் கைத்தொலைபேசி வாங்கி அங்கேயே வீட்டுக்குப் பேசினார்.