ஆவிக்கு ஒரு மேசை

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், ஜாக்சன் சதுக்கத்தருகே மியூரியல்ஸ் என்றோர் உணவகம் உண்டு. அங்கே ஒரு மேசையில் பாணும் வைனும் வைத்து வெறுமனே விடுவார்கள். 1814 இல் சீட்டாட்டத்தில் அந்த வீட்டைப் பந்தயம் வைத்துத் தோற்று, வெளியேற மனமின்றி மேல்மாடியில் உயிரை மாய்த்த ஜூர்டான் என்பவருக்கான படையலாம் அது. உணவகத்தார் சொல்லும் கதை. கண்ணாடிக் குவளைகள் தாமாகப் பறந்து உடைந்ததாகவும் சொல்கிறார்கள்.

வீடிழந்தவர் வீட்டையே சுற்றுகிறார் என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆவியை நான் நம்புவதில்லை. ஆனாலும் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைக்கத் தவறுவதுமில்லை.

கணக்காளனான எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. அக்காலத்தில் அந்நகரில் அடிமைகளை மாடுகள், தளபாடங்களோடு சொத்துப் பட்டியலில் விலைபோட்டு எழுதினார்கள். ஜூர்டான் மாண்ட மேல்மாடியில் முன்பு அடிமைகள் வைக்கப்பட்டிருந்ததாகவும் அதே கதை சொல்கிறது. மேசை ஜூர்டானுக்கு மட்டும்.