திவானிலிருந்து நீக்கப்பெற்ற வீரர்

ஷாம் தேசத்து ஹிம்ஸ் நகரில், தம் மாளிகையின் நிழலில் அமர்ந்திருந்த ஒருவரைக் காண இருவர் வந்தனர். ஒருவர் ஜஅஃபர் இப்னு அம்ர். மற்றவர் உபைதுல்லாஹ் இப்னு அதீ. உபைதுல்லாஹ் தலைப்பாகைத் துணியால் முகத்தை மறைத்திருந்தார். கண்களும் பாதங்களும் மட்டுமே வெளியே தெரிந்தன. தம்மை அடையாளம் தெரிகிறதா என்று அவர் வினவினார். அமர்ந்திருந்தவர் உற்று நோக்கினார். பல்லாண்டுகளுக்கு முன் மக்காவில் ஒரு குழந்தைக்குப் பாலூட்டும் தாயைத் தேடித் தாம் அலைந்ததையும், அக்குழந்தையைத் தூக்கிக் கொடுத்ததையும் சொல்லி, அந்தப் பாதங்களையே இப்போது பார்ப்பது போல் இருக்கிறது என்றார். அவர்தாம் வஹ்ஷீ இப்னு ஹர்ப் (ரலி). ஒரு பச்சிளங்குழந்தையின் பாதங்களை இத்தனை காலம் மறவாதிருந்த அந்த நினைவில் வேறு எவையெல்லாம் தங்கியிருந்திருக்கும்? வந்தவர்கள் கேட்க வந்ததும் நினைவில் இருந்த ஒன்றைத்தான்: ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வரலாறு.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹுதுப் போரில், ஜுபைர் இப்னு முத்இமின் அடிமையாக இருந்த வஹ்ஷீ, விடுதலைக்கு விலையாக ஈட்டியை எறிந்தார். அண்ணலாரின் சிறிய தந்தை வீழ்ந்தார். மக்கா வெற்றிக்குப் பின் தாயிஃபுக்கு ஓடி, பின்னர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தைத் தழுவினார். இஸ்லாம் ஏற்கப்பட்டது, ஆயினும் தம் முகத்தைத் தமக்கு முன் காட்டாதிருக்க இயலுமா என்று அண்ணலார் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பு கூறுகிறது. வஹ்ஷீ விலகியே வாழ்ந்தார். அண்ணலாரின் மறைவுக்குப் பின் யமாமாப் போர் வந்தபோது, ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றதற்கு ஈடாக முஸைலிமாவைக் கொல்லலாமே என எண்ணிப் புறப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஈட்டி இம்முறையும் தவறவில்லை.

இதுவரை மிம்பர்களில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. இதன் பிற்பகுதியைப் பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. புகாரியின் அறிவிப்பில் இல்லாத ஒரு செய்தி இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அறிவிப்பில் உள்ளது. வந்த இருவருக்கும் வழி காட்டியவர், வஹ்ஷீ மதுவுக்கு ஆட்பட்டவர் என்றும், தெளிவாக இருந்தால் பேசுங்கள், இல்லையேல் திரும்பிவிடுங்கள் என்றும் எச்சரித்தாராம். இப்னு ஹிஷாம் (ரஹ்) இன்னும் ஒரு படி மேலே சென்று, மது அருந்தியதற்காக அவர் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டு, இறுதியில் திவானிலிருந்தே நீக்கப்பட்டார் என்ற செய்தி தமக்கு எட்டியதாக எழுதுகிறார். எட்டியது என்றுதான் எழுதுகிறார். அறிவிப்பாளர் தொடர் தரவில்லை. ஒரு நபித்தோழரைப் பற்றிய செய்தியாதலின் இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. ஹம்ஸா (ரலி) அவர்களின் கொலைக்கு இறைவன் தந்த தண்டனை என இதைப் பொருள்கொண்டோர் உண்டு. வகுப்பறையில் நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லிக் கடந்தோம். இன்று அந்தத் தீர்ப்பை இறைவனிடமே விட்டுவிட்டு, திவானிலிருந்து நீக்கப்பட்டார் என்னும் சொற்களில் சற்று நிற்க விரும்புகிறோம்.

திவான் என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய பதிவேடு. ஹிஜ்ரி 20 (கி.பி. 641) என்பது பலர் கூறும் ஆண்டு, 15 எனத் தபரி குறிப்பிடுகிறார். போரில் பங்கு கொண்டோரின் பெயர்கள் குலவாரியாக எழுதப்பட்டு, இஸ்லாத்திற்கு அவர்கள் முன்னர் ஆற்றிய பணிக்கேற்ப ஆண்டு மானியம் வகுக்கப்பட்டது. பத்ரில் கலந்துகொண்டோருக்கு 5000 திர்ஹம் என்பது பரவலான அறிவிப்பு. மனைவியருக்கும் மக்களுக்கும் தனியே பங்கு உண்டு. பால்குடி மறந்த குழந்தைக்கே மானியம் என்றிருந்த விதியால் தாய்மார் குழந்தைகளை முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதை அறிந்த கலீஃபா, பிறந்த நாளிலிருந்தே மானியம் என மாற்றியதும் நாம் அறிந்ததே. இந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பது வெறும் கூலிக் கணக்கன்று. போரிட்டு வந்தவனும் அவன் குடும்பமும் சமுதாயத்தின் பொறுப்பில் இருக்கின்றனர் என்பதற்கான எழுத்துச் சான்று அது.

போர் உள்ளத்தையும் இல்லத்தையும் வாட்டும் என்பதை அந்த அரசு உணராமலில்லை. இரவில் நகர்வலம் சென்ற உமர் (ரலி) அவர்கள், படைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் பாடிய துயரப் பாடலைக் கேட்டு, மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் கணவனைப் பிரிந்திருக்க இயலும் என்று வினவினார்கள். விடை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் இருவகையாக வந்துள்ளது. அந்த வரம்புக்கு மேல் எந்த வீரனையும் எல்லையில் நிறுத்தலாகாது என ஆணை பிறந்தது.

ஆயினும் போர்வீரனின் உள்ளத்தில் தங்குவது பிரிவுத் துயரமும் அச்சமும் மட்டுமன்று. தான் செய்ததன் சுமையும் உண்டு. இதற்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம். ஜுஹைனா குலத்தின் ஹுரக்கா கிளையினர் மீது சென்ற படையில், ஒருவன் கலிமா மொழிந்த பின்னும் அவர் அவனை ஈட்டியால் குத்திக் கொன்றார். செய்தி அறிந்த அண்ணலார் (ஸல்), கலிமா சொன்ன பின்னுமா கொன்றாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைய தினத்திற்கு முன் தாம் முஸ்லிமாகவே இருந்திருக்கக் கூடாதா என ஏங்கும் அளவுக்கு அக்கேள்வி அவரை உலுக்கியது. பல்லாண்டுகள் கழித்து முஸ்லிம்கள் தமக்குள் போரிட்ட காலத்தில், அலீ (ரலி) அவர்கள்மீது அளவற்ற அன்பு இருந்தும் உஸாமா (ரலி) வாளெடுக்கவில்லை. ஓர் இளைஞரின் ஒரு நொடிச் செயல் அவர் வாழ்நாளின் போக்கையே தீர்மானித்தது. இத்தகைய காயத்தை இன்றைய உளவியலார் அறக்காயம் என்கின்றனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜொனதன் ஷே 1994இல் வெளியிட்ட நூலுக்குப் பின் இக்கருத்து பரவியது.

இங்கே ஒரு விலகல். இதைப் படிக்கும் நம்மவருள் சிலர், இவையெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தனவே என்று மகிழக்கூடும். ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். சினம், அச்சம், துயரம், வீண் எண்ணங்களின் தொல்லை ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். அமைதியான வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்து, துன்ப வேளையில் மருந்துபோல் எடுத்தாளச் சொன்னார். கெய்ரோவில் கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மாரிஸ்தானின் வக்ஃபு, அரசனுக்கும் அடிமைக்கும், படைவீரனுக்கும் தளபதிக்கும் பொதுவாக இருந்தது. மனம் பேதலித்தோருக்கும் அங்கு இடமிருந்தது. பெருமைக்குரியவையே. ஆனால் பல்கீ எழுதியது எல்லா மனிதர்க்கும். போர்க்களத்திலிருந்து திரும்பியவனுக்கென்று தனியே எழுதவில்லை. இன்றைய நோய்ப் பெயர்களை அவர் ஏட்டில் தேடுவது அவருக்கே செய்யும் அநீதி என்பது நம் கருத்து. வஹ்ஷீ (ரலி) அவர்களுக்கும் நாம் எந்த நோய்ப் பெயரும் சூட்டவில்லை.

நம் கவனம் பதிவேட்டின்மீதே. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970இல் நியூயார்க்கில் தாமாகவே கூடி, கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினர். ராபர்ட் லிஃப்டன், ஹாயிம் ஷாட்டன் ஆகிய மனநல மருத்துவர்கள் அக்கூட்டங்களில் அமர்ந்தனர். 1979இல் சட்டம் இயற்றப்பட்டு, மருத்துவமனைகளுக்கு வெளியே, கடைத்தெருக்களில் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்குப் பணியாற்றியவருள் பலர் தாமே முன்னாள் வீரர்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போர் முதலிய பேரதிர்ச்சிகளுக்குப் பின் வரும் உளநோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் இவ்வசதிகளின் கதவு ஒரு தாளைப் பார்த்தே திறந்தது. ஒழுங்கீனத்திற்காக, கண்ணியக் குறைவான விடுவிப்பு என்னும் முத்திரையுடன் அனுப்பப்பட்டவருள் பெரும்பாலோருக்கு அது மூடியே இருந்தது. குடி, போதைப்பொருள், சண்டை, சொல்லாமல் விடுப்பு என எந்த நடத்தைகள் உள்ளக்காயத்தின் விளைவாக இருக்கக்கூடுமோ, அவையே விடுவிப்புக்குக் காரணங்களாயின. அந்நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்திற்காக விடுவிக்கப்பட்ட 91,764 பேரில் 57,141 பேருக்கு, அதாவது 62 விழுக்காட்டினருக்கு, விடுவிப்புக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் போர் அதிர்ச்சி நோய், மூளைக்காயம் அல்லது வேறு சில மனநலக் குறைபாடுகள் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். குடிப்பழக்கம் தொடர்பான நோய்களும் அவற்றுள் அடங்கும். நோயென்று ஒரு கை எழுதியதை, குற்றமென்று மற்றொரு கை எழுதியது.

திருத்தம் மெல்ல வந்தது. இத்தகைய முத்திரைகளை மறுஆய்வு செய்யும்போது உளநோயைப் பரிவுடன் கருத வேண்டும் என 2014இல் பாதுகாப்பு அமைச்சர் ஆணையிட்டார். 2017 ஜூலை முதல், முத்திரை பெற்றவர்க்கும் நெருக்கடி வேளையில் 90 நாள் மனநலச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2018இல் வந்த சட்டம் அதை மேலும் விரிவாக்கியது. நம் நாட்டில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1இல் தொடங்கியது. அதற்குப் பொதுவாக ஓய்வூதியம் வேண்டும். பணிநீக்கம் செய்யப்பட்டவனுக்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை. இவ்வகையில் நாமும் அதே வாசலில்தான் நிற்கிறோம்.

முற்கால வரலாற்றிலேயே வேறொரு வழியும் காணக்கிடைக்கிறது. காதிஸிய்யாப் போரின்போது மது அருந்தியதற்காக விலங்கிடப்பட்டுக் கிடந்த அபூ மிஹ்ஜன், தளபதி ஸஅத் (ரலி) அவர்களின் துணைவியாரிடம் மன்றாடி, திரும்பி வந்து விலங்கேற்பதாக வாக்களித்துக் களம் புகுந்தார், வாக்குப்படி மீண்டார். இனி அவரை மதுவுக்காகத் தண்டிப்பதில்லை என ஸஅத் (ரலி) அறிவித்தபோது, இனித் தாமும் அதைத் தொடுவதில்லை என்றார் அபூ மிஹ்ஜன். சாட்டை பலமுறை வீழ்ந்தும் விடாத பழக்கம், சாட்டை கீழே வைக்கப்பட்டதும் விட்டது.

ஹிம்ஸுக்கே திரும்புவோம். இப்னு இஸ்ஹாக் அறிவிப்பின்படி, வந்த இருவரும் கண்டபோது வஹ்ஷீ (ரலி) தெளிவாகவே இருந்தார். அண்ணலார் கேட்டபோது எவ்வாறு சொன்னேனோ அவ்வாறே உங்களுக்கும் சொல்கிறேன் என்று தொடங்கினார். ஆம், முகத்தை விலக்கிக்கொள்ளச் சொல்வதற்கு முன்னர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை அமரச் சொல்லி, ஹம்ஸாவை எப்படிக் கொன்றாய் எனக் கேட்டு, அவர் சொன்னதை முழுவதும் செவிமடுத்திருந்தார்கள்.