படம் காட்டிய விளையாட்டுப் பெட்டி

பிளே ஸ்டேஷன் 2 என்றதும் எல்லோருக்கும் கார் ரேஸும் மல்யுத்தமும் கிரிக்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டி பல வீடுகளில் ஓடிய நேரத்தில் பெரும்பங்கு சினிமாவுக்கே போனது. பையனுக்கு விளையாட்டு, அப்பாவுக்குப் பழைய படம், அம்மாவுக்குப் புதுப் படம் என்று ஒரே பெட்டி மூன்று வேலை பார்த்தது. வீடியோ கேம் விளையாடவென்று செய்த பெட்டியில் படம் பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது? அதற்காகத் திறந்து வைத்த கதவு வழியாக வேறு என்னவெல்லாம் உள்ளே வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

டெக் காலம்

1980-களில் 'டெக்' என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வீடியோ கேஸட் போட்டுப் படம் பார்க்கும் பெட்டி. சொந்தமாக வாங்க வசதி உள்ளவர்கள் குறைவு. அதனால் பொங்கலுக்கோ, காதுகுத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோ டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். தெருவே பாய் விரித்து உட்காரும். இந்தப் பழக்கம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. வி.சி.ஆர். மூலம் டிவியில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது!

இந்தச் சாமான்கள் கிடைத்த இடங்களில் பெயர் பெற்றது பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானதும், அங்கே தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-ல் சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே, ராஜாஜி சாலை ஓரமாகக் கிளம்பிய கடை வரிசைதான் அது. பக்கத்திலேயே துறைமுகம். வெளிநாட்டு சென்ட், கடிகாரம், டேப் ரெக்கார்டர் என்று ஆரம்பித்து கேஸட், விசிடி, வீடியோ கேம் வரை காலத்துக்கு ஏற்றபடி அங்கே சரக்கு மாறிக்கொண்டே வந்தது.

விசிடி வந்தது

1993-ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து வீடியோ சிடிக்கான விதிகளை வகுத்தன. ஒரு சாதாரண சிடியில் சுமார் 74 நிமிடப் படம். படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். தரம் ஏறக்குறைய வீடியோ கேஸட் மாதிரிதான். தமிழ்ப் படங்களோ இரண்டரை மணி நேரம். அதனால் ஒரு படத்துக்கு இரண்டு, சில சமயம் மூன்று சிடி. சண்டைக் காட்சி பாதியில் நிற்கும், எழுந்து போய் அடுத்த சிடியைப் போட வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் விசிடியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆசியாவோ கொண்டாடியது. சீனா, ஹாங்காங், மலேசியா, இந்தியா எல்லாம் விசிடியின் கோட்டை.

விளையாட்டுப் பெட்டி சினிமாப் பக்கம் திரும்பியதும் இந்தச் சமயத்தில்தான். சேகா சாட்டர்ன் பெட்டிக்கு விசிடி ஓட்டத் தனி அட்டை வந்தது. முதல் பிளே ஸ்டேஷனில் சோனியே ஆசிய நாடுகளுக்கு என்று விசிடி ஓடும் வெள்ளை நிற மாடல் ஒன்றை விட்டது. அது கிடைக்காதவர்களுக்கு, சாதாரண பிளே ஸ்டேஷனின் பின்பக்கத் துளையில் செருகும் சின்ன அட்டைகளை வேறு கம்பெனிகள் விற்றன. சோனி பிற்பாடு வந்த மாடல்களில் அந்தத் துளையையே எடுத்துவிட்டது.

முதல் பிளே ஸ்டேஷனில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆரம்ப மாடல்களில் லென்ஸ் ஓடும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து, வீடியோ காட்சிகள் திக்கித் திக்கி வரும். அதற்கு உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டுவது!

2000, மார்ச் 4

அன்றுதான் ஜப்பானில் பிளே ஸ்டேஷன் 2 விற்பனைக்கு வந்தது. விலை 39,800 யென். அதே ஆண்டு அக்டோபர் 26-ல் அமெரிக்காவில் 299 டாலர். டிவிடி பிளேயர் இன்னும் பணக்காரச் சாமானாக இருந்த நேரம் அது. டிவிடி பிளேயர் வாங்கும் காசுக்கு டிவிடி பிளேயரும் கிடைக்கிறது, விளையாட்டும் கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்? விளையாட்டில் ஆர்வமே இல்லாதவர்கள்கூட வாங்கினார்கள். கடைசிக் கணக்கில் உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்று, அதிகம் விற்ற வீடியோ கேம் பெட்டி என்ற பெயர் வாங்கியதற்கு டிவிடியும் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் நம்ம ஊருக்கு அது வந்தபோது ஒரு சிக்கல். பிளே ஸ்டேஷன் 2-ல் டிவிடி ஓடும், பாட்டு சிடி ஓடும், விசிடி மட்டும் ஓடாது! வீட்டில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் விசிடி. ஆசை ஆசையாகப் பெட்டியை வாங்கி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை டிவியில் செருகி, சிடியைப் போட்டால் பெட்டி திருப்பித் துப்பிவிடும். அதற்குப் பிறகு டிவிடிதான் கதி. சென்னைத் தெருக்களில் '5 இன் 1' டிவிடிகள் குவிந்ததும் நிலைமை மாறியது. ஒரே தட்டில் ஐந்து படம். ரிமோட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கன்ட்ரோலரில் 'செலக்ட்' பட்டனை அழுத்தினால் பாஸ், ஃபார்வர்டு எல்லாம் திரையிலேயே வந்து நிற்கும்.

2006 செப்டம்பரில் இலவசக் கலர் டிவி திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 இஞ்ச் டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சின்னத் திரையில் விசிடிக்கும் டிவிடிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. படம் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

மண்டலமும் முத்திரையும்

டிவிடியில் சினிமாக் கம்பெனிகள் ஒரு பூட்டுப் போட்டிருந்தன. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிவிடி இன்னொரு மண்டலத்துப் பெட்டியில் ஓடாதபடி செய்தார்கள். அமெரிக்கா 1, ஜப்பான் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. சிங்கப்பூர் மாமா ஆசையாக வாங்கி அனுப்பிய பெட்டியும் இந்தியக் கடையில் வாங்கிய ஒரிஜினல் ஹாலிவுட் டிவிடியும் ஒன்றோடொன்று பேசாது. தெருவில் விற்ற திருட்டு டிவிடியில் இந்தப் பூட்டு கிடையாது. காசு கொடுத்து ஒழுங்காக வாங்கியவன் திண்டாட, திருட்டுத் தட்டு எங்கும் ஓடியது!

இன்னும் விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. விளையாட்டு டிவிடி போட்டால், அதில் சோனியின் ரகசிய முத்திரை இருக்கிறதா என்று பெட்டி சோதிக்கும். வீட்டில் காப்பி போட்ட தட்டில் அந்த முத்திரை இருக்காது. அதனால்தான் பெட்டியைப் பிரித்து 'சிப்' வைத்துச் சால்டர் அடிக்கும் மெக்கானிக்குகளுக்கு ஊர் ஊராக வேலை கிடைத்தது. ஆனால் சினிமா டிவிடிக்கு அந்தச் சோதனை கிடையாது. உலகத்தில் உள்ள எல்லா சினிமாக் கம்பெனிகளும் சோனியிடம் வந்து முத்திரை வாங்க முடியாதல்லவா? ஆக, திருட்டு விளையாட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். திருட்டுப் படம் நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

காட்டுப்பள்ளியிலிருந்து பார்த்தால்

வடசென்னையைத் தாண்டி, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பங்கழியுமாக நீளும் மணல் திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. மீனவக் குப்பங்களின் பகுதி. சினிமா பார்க்க மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம்தான் போக வேண்டும். ஒரு குடும்பமே தியேட்டருக்குப் போய்வருவதென்றால் பஸ், ஷேர் ஆட்டோ, டிக்கெட், இடைவேளை முறுக்கு என்று ஒரு நாள் சம்பாத்தியம் கரைந்துவிடும். விடியற்காலை கடலுக்குப் போகிறவருக்கு இரவுக் காட்சி என்பது நடக்காத காரியம். இப்படிப்பட்ட இடங்களில் வீட்டுக்குள் வந்த வட்டுதான் தியேட்டர்.

மறுபக்கமும் உண்டு. படம் வெளியான அன்றே கேமரா பிரின்ட் தெருவுக்கு வந்தது. நடுவில் யாரோ எழுந்து போகும் தலைகூடத் தெரியும்! வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுத்தவர் நடுத்தெருவில் நின்றார். திரையுலகம் போராடியது. 2004-ல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களையும் அதில் சேர்த்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். கள்ளச் சாராயக்காரர் பட்டியலில் சிடிக்காரரும் சேர்ந்தார். ஆனாலும் வட்டு ஓய்ந்தது சட்டத்தால் அல்ல, பென் டிரைவாலும் மொபைலாலும்தான். தியேட்டர்களும் அந்தக் காலத்தோடு தப்பிவிடவில்லை. தண்டையார்பேட்டையின் அடையாளமாக இருந்த அகஸ்தியா 2020-ல் மூடப்பட்டது.

கடைசி ஆட்டம்

இதற்குள் பெட்டிகளின் உலகம் மாறிவிட்டது. 2006-ல் வந்த பிளே ஸ்டேஷன் 3 இதே தந்திரத்தை ப்ளூ-ரேயில் செய்தது. 2008 பிப்ரவரியில் எதிர்த் தரப்பான எச்டி டிவிடியை டோஷிபா கைவிட்டது. இன்னொரு பக்கம், பழைய எக்ஸ்பாக்ஸில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்தான் வளர்ந்து, 2014 முதல் 'கோடி' என்ற பெயரில் டிவி டிவியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பிளே ஸ்டேஷன் 2 மட்டும் இந்தியாவில் சாகாமல் நின்றது. இங்கேயே தயாரான 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-ல் அதற்காக வந்தது. 2011-ல் 'ரா.ஒன்', 2013-ல் 'டான் 2' என்று இந்திப் படங்களே விளையாட்டாக மாறி அதற்குள் நுழைந்தன. சினிமா காட்டிய பெட்டிக்கு சினிமா செய்த கைம்மாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

2013 ஜனவரியில் பிளே ஸ்டேஷன் 2 தயாரிப்பு உலகம் முழுக்க நின்றதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம்தான் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தோடு சேர்ந்த துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்காகப் பழைய காட்டுப்பள்ளிக் குப்பமே வேறு இடத்துக்குப் பெயர்க்கப்பட்டிருந்தது. உலகத்துச் சாமானெல்லாம் கன்டெய்னரில் வந்து இறங்கும் வாசல், ஒரு காலத்தில் தெருவே கூடிப் படம் பார்த்த கடற்கரையில் இன்று நிற்கிறது.

கதையின் கடைசித் திருப்பம் 2020 ஜூனில் வந்தது. 'சி-டர்ட்' என்ற புனைபெயர் கொண்ட ஒரு நிரலாளர், பிளே ஸ்டேஷன் 2-ன் டிவிடி பிளேயர் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தார். சினிமா டிவிடி போலத் தயாரித்த ஒரு வட்டைப் போட்டால் போதும். சிப்பும் வேண்டாம், சால்டரும் வேண்டாம், சோனியின் முத்திரையைத் தாண்டி எந்த விளையாட்டும் ஓடும். இதற்கு 'ஃப்ரீ டிவிடி பூட்' என்று பெயர். சேகாவின் ட்ரீம்காஸ்ட் பெட்டியும் 2000-ல் இப்படித்தான் விழுந்தது. பாட்டும் படமும் ஓட்ட 'மில்-சிடி' என்று வைத்த வசதி வழியாகவே திருட்டு விளையாட்டுகள் உள்ளே நுழைந்தன.

கம்பெனிகள் விளையாட்டு வாசலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டன. சினிமா வாசலைத் திறந்தே வைத்தன, ஏனென்றால் அதைக் காட்டித்தான் பெட்டியை விற்க முடிந்தது. பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய பிளே ஸ்டேஷன் 2-ஐ யாராவது இறக்கினால், லென்ஸ் மட்டும் நல்லபடியாக இருந்தால், விளையாட்டு வட்டு தேட வேண்டாம். ஒரு '5 இன் 1' போட்டாலே போதும், அந்தப் பெட்டி தன் பழைய வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.