புன்னைக்காயலின் பாதிரியார்

1623ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட இராபர்ட் தெ நொபிலியைச் சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் வரவேற்றார். காவியுடை, மரக்கறி உணவு, தமிழிலும் வடமொழியிலும் பெற்ற புலமை என, தத்துவ போதகரின் கதையை நம்மில் பலர் அறிவோம். ஆனால் ஐரோப்பியப் பாதிரியார் ஒருவர் தமிழை முறையாகக் கற்று, அம்மொழியிலேயே பணியாற்றும் வழி அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே முத்துக்குளித்துறையில் தொடங்கிவிட்டது. அரசவை எதுவும் அதற்குச் சாட்சியில்லை. மீனவக் குடிகள் வாழ்ந்த புன்னைக்காயலே அதன் களம்.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமைக்கான போட்டியில் நசுங்கியவர்கள், போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடி எடுத்த முடிவு அது. திருமுழுக்குக் கிடைத்தது, போதிக்க எவரும் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, அவர்களின் ஊதியத்துக்காகப் போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கு இக்கரையிலிருந்து சென்றுகொண்டிருந்த 4000 பணத்தைக் கேட்டுப் பெற்றார். பாதுகாக்க வந்த போர்ச்சுக்கீசியத் தலைவர்களே மக்களைச் சுரண்டியதையும் அவருடைய கடிதங்கள் கடிந்துரைக்கின்றன. எனினும் அவர் பயணி. சில ஆண்டுகளில் கிழக்கு நாடுகளுக்குப் போய்விட்டார்.

தங்கியவர் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். 1520இல் போர்ச்சுக்கலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத மரபிலிருந்து கிறித்தவரான குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை விலக்கியது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டபின், அப்பணித்தளத்தின் தலைமைப் பொறுப்பு இவருக்கு வந்தது.

இவர் முதலில் செய்தது மொழிபெயர்ப்பாளரை விலக்கியதுதான். ஒருவன் தன் பாவத்தை மூன்றாமவர் காதில் விழச் சொல்லவேண்டியிருந்தால், அது பாவசங்கீர்த்தனம் ஆகுமா? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஒரு திருச்சபை புதுப்பிக்கப்படுவது இங்கிருந்துதான் என்று கருதுகிறேன். பெயர்ச்சொல், வினைத்திரிபு என்று வகுத்து அவர் எழுதிய தமிழ் இலக்கணம் புலவர்களின் செய்யுள் நடைக்கானது அன்று. கடற்கரையில் பேசப்பட்ட மொழிக்கானது. அக்காலப் பேச்சுத்தமிழை அறிய விழையும் மொழியியலாளர்களுக்கு இன்று அது அரிய சான்று.

மொழிக்குப்பின் நிறுவனங்கள் வந்தன. புன்னைக்காயலில் ஏழைகளுக்கான மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. தமிழ்ப் பள்ளியும் அமைந்தது. 1553இல் ஊர் தாக்கப்பட்டபோது அவரும் சிறைப்பட்டார். மீண்டு, அதே கரைக்கே திரும்பினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இம்மண்ணில் அச்சான முதல் நூலாக நமக்குக் கிடைப்பது அதுவே. 1579இல் 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. இவ்வச்சுப்பணிக்குப் பரதவ மக்கள் பொருள் தந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. தமிழ் அச்சின் தொடக்கத்தைப் பாதிரிமாரின் கொடையாக மட்டும் பேசுவது, கடலில் மூச்சடக்கியவர்களின் பங்கை அழிப்பதாகும்.

அவருடைய பணிக்கு எல்லையும் இருந்தது. முத்தின் விலையையும் கப்பத்தையும் முடிவுசெய்த அதிகாரம் அவர் கைக்கு அப்பாற்பட்டது. அவ்வதிகாரத்தின் நிழலிலேயே அவரும் பணியாற்றினார். 1593இல் இயேசு சபையே யூத வழிவந்தவர்களுக்குத் தன் கதவை மூடியது. எந்தப் பிறப்புக்காக அவர் இளமையில் விலக்கப்பட்டாரோ, அதே காரணத்தை அவருடைய சபையும் அவருடைய முதுமையில் ஏற்றுக்கொண்டது. அப்போதும் அவர் முத்துக்குளித்துறையில்தான் இருந்தார்.

1600இல் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. சேந்தமங்கலம் வரை வந்த தத்துவ போதகரும் 1606இல் தமிழ் பயிலத் தொடங்கியது இந்த முத்துக்குளித்துறையில்தான். உள்நாட்டுக்குச் சென்ற புகழ்பெற்ற பாதையைப் பேசும்போது, அது புறப்பட்ட வறிய கரையையும், அங்கே ஐம்பது ஆண்டுகள் தங்கியவரையும் சேர்த்தே பேசுவது நியாயம்.