காற்று அடங்கும் வரை

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரில் வாழும் தமிழருக்குக் கடல் அன்றாடக் காட்சியன்று. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் நம் ஏரிகளுக்கு நீர் கொணரும் அதே வடகிழக்குப் பருவக் காற்றுதான், தெற்கே பாக்கு நீரிணையை நீந்திக் கடக்க விரும்புவோரைக் கரையிலேயே நிறுத்தி வைக்கிறது. அவர்கள் நீந்திய நேரத்தைப் பதிவேடுகள் நிமிடக் கணக்கில் கூறும். காத்திருந்த நாட்களைப் பெரும்பாலும் கூறுவதில்லை. அக்காத்திருப்பைப் பற்றியே இங்குச் சிறிது பேச விழைகிறோம்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் அக்கடல் ஆழம் குறைந்தது. சிறு காற்றுக்கும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். நீரோட்டமும் பருவத்திற்கேற்பத் திசை மாறும். வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்குமுன் உள்ள பங்குனி, சித்திரை நாட்களே நீந்துவோருக்கு வாய்த்த இடைவெளி. இலங்கைத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம் நீந்தியது இக்காலத்தில்தான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் நீரிணையைப் போகவும் வரவும் கடக்க 51 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அத்தகைய முயற்சிக்கு ஒரு பகற்பொழுதின் அமைதி எம்மட்டு?

ஆங்கிலக் கால்வாயின் கணக்கோ வேறு. டோவர் கரையில் கடல் ஏறி வற்றும் அளவு ஆறு மீட்டரையும் எட்டும். ஆகவே ஏற்றவற்றம் தணிந்திருக்கும் அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களையே பெரிதும் நாடுவர். நல்ல காரியத்திற்கு ஆகாதென நாம் ஒதுக்கும் திதிகள் அங்கே சுபதினங்கள்! அந்நாட்களிலும் காற்று வீசினால் மீண்டும் காத்திருக்க வேண்டியதுதான்.

கல்கத்தாவின் ஆரதி சாஹா 1959 ஆகஸ்ட் 27 அன்று அங்கு நீந்தப் புறப்பட்டார். வழிகாட்டும் படகு 40 நிமிடம் தாமதித்து வந்தது. இங்கிலாந்துக் கரை ஐந்து மைல் தொலைவில் இருக்கையில் எதிர் நீரோட்டம் அவரை மறித்தது. முயற்சியைக் கைவிட நேர்ந்தது. நாற்பது நிமிடம் நமக்கு அற்பம், ஏற்றவற்றத்திற்கு அப்படியன்று. அவர் ஊர் திரும்பவில்லை. ஒரு மாதத்திற்கு மேல் பொறுத்திருந்து, செப்டம்பர் 29 அன்று 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆசியப் பெண்களுள் அவரே முதல்வர். மேலே கூறிய ஆனந்தனோ, 1984 ஆகஸ்டில் அக்கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் துறந்தார். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பான நீர் எங்கே, அக்குளிர் எங்கே!

ஆரதிக்கு ஓராண்டு முன்பே கால்வாயைக் கடந்திருந்த மிகிர் சென், 1966இல் நம் நீரிணைக்கு வந்தார். அவர் நீந்தத் தொடங்கிய ஏப்ரல் 5 பங்குனிப் பௌர்ணமி. டோவரில் பௌர்ணமியென்றால் ஏற்றவற்றம் மிகும், தயங்குவர். இங்கே அது ஒரு மீட்டரும் இராது. எனவே நிலவு தடையாகாமல் விளக்காயிற்று. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைவர, தலைமன்னாரிலிருந்து 25 மணி நேரத்திற்கு மேல் நீந்தி, மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். பதினைந்து மாதங்களுக்கு முன், 1964 டிசம்பர் 22 இரவில், அதே கடல் புயலில் பொங்கி அழித்துவிட்டுப் போன ஊர் அது.