கொல்லிப் பாவையும் கோடைப் பிரசங்கங்களும்

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவன் வல்வில் ஓரி. மற்றொருத்தி கொல்லிப் பாவை. ஓரி மனிதன், வாழ்ந்தான், போரில் மடிந்தான். பாவையோ பதுமை. பூதம் செய்து நிறுத்திய பாவை என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள். அது தானே அசையும், சிரிக்கும், சிரித்தே பகைவரைக் கொல்லும் என்று பின்னால் வந்தவர்கள் கதையை வளர்த்தார்கள். எனக்கு அந்தக் கதையில் ஒரு குறை உண்டு. பகைவனின் வாடையை அறிந்து, தானாக இயங்கி, காரியத்தை முடிக்கிற யந்திரம் ஒன்றைச் செய்தவன், அதை எப்படிச் செய்தான் என்று யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை. பாவை பாட்டிலேயே நின்றுவிட்டது, பட்டறைக்கு வரவில்லை.

அந்த மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவல்லிக்கு இறங்கினால், சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று சமவெளி விரிகிறது. அங்கே இப்போது என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மற்றக் கல்லூரிகளைப் போலவே இங்கும் 'சிறப்பு விருந்தினர் சொற்பொழிவு' என்று ஒரு வழக்கம் உண்டு. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவில் மிச்சமிருக்கும் நேரத்தில் விருந்தாளி பேசுவார். வருகைப் பதிவு உண்டாகையால் கூட்டத்துக்குக் குறைவிராது. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இந்த வழக்கத்தின் வழியாகத்தான் ஒரு காலத்தில் உலகத்தையே புரட்டிய வித்தை ஒன்று ஊர் விட்டு ஊர் போயிற்று.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். அங்கே பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மூர் மின்பொறியியல் பள்ளி. மூர் என்றதும் நம்மவர்களுக்குச் சென்னை மூர் மார்க்கெட் ஞாபகம் வரும். இவர் வேறு மூர். மின்கம்பி வியாபாரத்தில் சேர்ந்த செல்வத்தைக் கொண்டு 1923-இல் ஏற்பட்ட பள்ளி இது. யுத்த காலத்தில் அங்கே எக்கர்ட், மாக்லி என்ற இருவரின் தலைமையில் 'எனியாக்' என்ற கணக்கு யந்திரத்தைச் செய்தார்கள். சுமார் 18,000 வால்வுகள்; எடை 30 டன். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை 8 முதல் ஆகஸ்டு 31 வரை எட்டு வாரம், அழைக்கப்பட்ட இருபத்தெட்டுப் பேருக்கு, இப்படிப்பட்ட யந்திரங்களைச் செய்வது எப்படி என்று தொடர் பிரசங்கங்கள் நடந்தன. காலையில் பாடம், பிற்பகலில் உட்கார்ந்து விவாதம்.

இதில் விசேஷம் என்னவென்றால், பிரதானப் பிரசங்கிகளான எக்கர்ட்டும் மாக்லியும் அப்போது அந்தப் பள்ளியில் உத்தியோகத்தில் இல்லை. கண்டுபிடிப்புகளின் உரிமையைச் சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. மாட்டோம் என்று மார்ச்சு மாதமே ராஜினாமா செய்துவிட்டார்கள். தாங்களே யந்திரம் செய்து விற்பதாக உத்தேசம். எக்கர்ட்டுக்கு வயது இருபத்தேழு. தாம் கட்டிய யந்திரம் இருந்த பள்ளிக்குள் விருந்தாளியாக நுழைந்து, நாளைக்குத் தமக்கே போட்டியாக வரக்கூடிய மனிதர்களுக்கு, எது எரிந்துபோயிற்று, எது நின்று வேலை செய்தது என்றெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தார். கதை எழுதுகிற எனக்கு இந்தக் கட்டம் பிடித்திருக்கிறது. அவர் மனத்தில் அன்று என்ன ஓடியிருக்கும்? தொழிலில் தன் வித்தை நாலு பேருக்குத் தெரிவதில் ஒரு பெருமை உண்டு. அது பணத்தாசையைவிடச் சில சமயம் பலமானது என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்பே அவர்களுக்கு ஓர் இடி விழுந்திருந்தது. அடுத்த யந்திரத்தைப் பற்றி அவர்களும் கணித மேதை வான் நாய்மனும் கூடிப் பேசியதை அவர் ஓர் அறிக்கையாக எழுதினார். 1945 ஜூனில் அது கைக்குக் கை சுற்றத் தொடங்கியபோது முகப்பில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. பிற்பாடு, 1973-இல், ஓர் அமெரிக்க நீதிமன்றம் எனியாக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த அறிக்கை முன்பே வெளியாகிவிட்டதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அட்டனசாஃப் என்பவரின் முந்திய வேலை மற்றொன்று. வித்தையைச் சொன்னவர்கள் செல்வத்தை இழந்தார்கள், வித்தை பிழைத்துக்கொண்டது.

அது எங்கே பிழைத்தது என்பதற்கு ஒரு சாட்சி, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் மாரிஸ் வில்க்ஸ். 1946 மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் அந்த அறிக்கையை அவரிடம் ஒரே ஓர் இரவுக்குக் கொடுத்தார். நகல் எடுக்க வசதி இல்லை. விழித்திருந்து படித்து, காலையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு பிலடெல்பியாவுக்கு அழைப்பு வந்தது. யுத்தம் முடிந்த சமயமாகையால் கப்பலில் சுலபத்தில் இடம் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்டு பாதி கழிந்துவிட்டது. கடைசி இரண்டு வாரப் பாடந்தான் மிச்சம். அந்த இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது! திரும்பும் கப்பலிலேயே தம் யந்திரத்துக்குப் படம் போடத் தொடங்கிவிட்டார். 'எட்சாக்' என்ற அந்த யந்திரம் 1949 மே 6-ஆம் தேதி முதன்முதலாக இயங்கி, எண்களின் வர்க்கங்களை அச்சடித்துத் தந்தது. அப்புறம் வில்க்ஸும் கேம்பிரிட்ஜில் கோடை வகுப்பு நடத்தினார். 1951-இல் அங்கே போய்க் கற்றுக்கொண்டவர்களில் ஹாலந்து இளைஞர் டைக்ஸ்ட்ரா ஒருவர். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

நம் தேசத்துக்கு இது வந்த வழிகள் பல. கல்கத்தாவின் புள்ளியியல் கழகம் 1955-இல் ஒரு யந்திரத்தை வரவழைத்தது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில், நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மனும் அவர் குழுவினரும் தாங்களே ஒன்றைக் கட்டி 1960-இல் இயக்கினார்கள். ஆனால் சாதாரண என்ஜினீயரிங் மாணவன் கையில் கம்ப்யூட்டர் வந்த கதை கான்பூரில் நடந்தது. அதற்கும் மூர் பள்ளிக்கும் நேர்த் தொடர்பு உண்டு.

ஹாரி ஹஸ்கி என்பவர் யுத்த காலத்தில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே மூர் பள்ளியின் எனியாக்கில் பகுதி நேரம் வேலை பார்த்தவர். 1947-இல் இங்கிலாந்து போய் ஆலன் டூரிங்கோடு வேலை செய்தார். ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்கள் சேர்ந்து கான்பூர் ஐ.ஐ.டி.க்குக் கைகொடுத்த திட்டத்தில், 1963-இல் அவர் கான்பூர் வந்தார். ஐ.பி.எம். 1620 என்ற யந்திரம் விமானத்தில் வந்து இறங்கியது. அது ஒரு வேடிக்கையான யந்திரம். கூட்டத் தெரியாது, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல வாய்ப்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கூட்டும். ஆகஸ்டில் அது வேலை செய்யத் தொடங்கியது. ஹஸ்கி பொன்னாடையோடு மாலை ரயில் ஏறிவிடவில்லை. தங்கியிருந்து கம்ப்யூட்டர் நிலையத்தை நிறுவிக் கொடுத்தார்.

அவரைப் போன்ற விருந்தாளிகளிடமிருந்து வாங்கியதை இந்த மண்ணில் ஊன்றியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் வி. ராஜாராமன். 1933-இல் ஈரோட்டில் பிறந்து, டில்லியில் படித்து, பெங்களூரிலும் அமெரிக்காவிலும் மேற்படிப்பு முடித்தவர். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கிற பொருளாக யந்திரத்தை வைக்காமல், எந்தப் பிரிவு மாணவரும் தாமே எழுதி இயக்கிப் பார்க்கும்படி பாடத்தை அமைத்தார்கள். வெளியூர் ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் வரவழைத்துச் சில நாள் தீவிர வகுப்புகளும் நடத்தினார்கள். வந்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பி, அங்கே கற்பித்தார்கள். சைக்ளோஸ்டைல் செய்து வழங்கிய ராஜாராமனின் குறிப்புகள் 1969-இல் புத்தகமாயின. மாணவன் வாங்கக்கூடிய விலையில் வந்தன. ஒரே இரவுக்கு இரவல் வாங்கிப் படித்த வில்க்ஸ் அதைப் பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார். தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில், 2025 நவம்பரில், ராஜாராமன் காலமானார். ஹஸ்கி 2017-இல் போய்விட்டார். அவருக்கு வயது நூற்றொன்று.

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 1968-இல் கான்பூரில் மாணவர். கட்டுப்பாட்டியல் என்ற வேறு துறை. ஒரு நாள் காலைச் சிற்றுண்டியின்போது, அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பேராசிரியர், சுற்றி நின்ற மாணவர்களிடம் கம்ப்யூட்டரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். மேடை இல்லை, தலைமை தாங்குவோர் இல்லை. மூர்த்தி சாப்பாட்டு அறையிலிருந்து நேரே நூலகத்துக்குப் போனார். அவர் சொன்ன கட்டுரைகளில் நாலைந்தைப் படித்துவிட்டு, இனி இதுதான் படிப்பு என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை, வருகைப் பதிவு கிடையாது.