கேப்டவுனிலிருந்து கிளம்பிய தவளை

தென்னாப்பிரிக்கக் குளங்களில் நாக்கே இல்லாத ஒரு தவளை வாழ்கிறது. பெயர் ஆப்பிரிக்க நகத்தவளை. தட்டையான வழவழத்த உடம்பு, தலையுச்சியில் கண்கள், பின்கால்களில் மூன்று விரல்களுக்கு மட்டும் கறுப்பு நகம். இரையை முன்கால்களால் வாய்க்குள் திணித்துக்கொள்ளும். தண்ணீரை விட்டு வெளியே வருவது அபூர்வம். இப்படிப்பட்ட பிராணிதான் கண்டம் விட்டுக் கண்டம் போனது.

1927இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிரிட்டிஷ் விலங்கியலாளர் லான்சலாட் ஹாக்பென், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை இந்தத் தவளைக்கு ஊசியில் ஏற்றினார். அது முட்டையிட்டது. அப்படியானால் கர்ப்பிணியின் சிறுநீரில் உள்ள ஹார்மோனுக்கும் முட்டையிடுமா? இடும் என்று 1930களில் உறுதியானது. முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேப்டவுன்காரர்களான ஷாப்பிரோ, ஸ்வாரன்ஸ்டைன் இருவருக்கும் ஹாக்பெனுக்கும் பின்னாளில் சண்டையே நடந்தது.

அதுவரை, நாள் தள்ளிப்போன பெண் முழுகாமல் இருக்கிறாளா என்று அறிய எலிகளையும் முயல்களையும் கொன்று, சினைப்பையைப் பார்க்க வேண்டியிருந்தது. தவளைக்கோ சாயங்காலம் ஊசி போட்டால் போதும். விடிந்ததும் தொட்டியில் முட்டை தெரியும். கொல்ல வேண்டாம், சில வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு அதையே மறுபடி பயன்படுத்தலாம். தவளைகள் கப்பலேறின.

1960களில் நோயெதிர்ப்பு முறைச் சோதனைகள் வந்ததும் அந்த வேலை போயிற்று. ஆனால் உயிரியலாளர்கள் இந்தத் தவளையை விடுவதாக இல்லை. ஐரோப்பியத் தவளைகள் வசந்தத்தில் மட்டும்தான் முட்டையிடும். இது ஊசி போட்டால் எந்த மாதமும் இடும். முட்டையும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன், உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் தலைப்பிரட்டையின் குடல் செல்லின் உட்கருவை வைத்துப் புதிய தலைப்பிரட்டையை வளர்த்தெடுத்தார். குடல் செல்லான பிறகும் முழு உடம்புக்கான தகவலை அது இழப்பதில்லை என்று காட்டிய அந்த ஆய்வு வெளிவந்தது 1962இல்; நோபல் பரிசு வந்தது 2012இல். அரை நூற்றாண்டு காக்கவைத்தது கொஞ்சம் அதிகம்தான். இடையில், 1992இல், எண்டெவர் விண்கலத்திலும் இந்தத் தவளைகள் பயணம் செய்தன.

தொட்டியில் சுலபமாகப் பிழைத்த உடம்பு வெளியிலும் பிழைத்தது. தப்பியவையும் கைவிடப்பட்டவையும் சிலி, கலிபோர்னியா, பிரான்ஸ், போர்ச்சுகல், சிசிலி நீர்நிலைகளில் பெருகிவிட்டன.

அவற்றின் தோலில் ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. கைட்ரிட் பூஞ்சை தவளைத் தோலைத் தாக்கி, உடம்பின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடும். உலகெங்கும் பல தவளையினங்களை அது அழித்திருக்கிறது. நகத்தவளையோ அதைச் சுமந்தபடி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். 1938இல் பிடித்துப் பாடம் செய்யப்பட்ட நகத்தவளையில் இதே பூஞ்சை இருந்ததாக 2004இல் தெரியவந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து நோயைப் பரப்பியது கர்ப்பச் சோதனை வியாபாரம்தான் என்று பலர் நினைத்தார்கள். 2018இல் வந்த மரபணு ஆய்வு, பூஞ்சையின் பிறப்பிடமாகக் கொரியத் தீபகற்பத்தைச் சுட்டியது. தோற்றுவித்த பழி நீங்கியது. சுமந்துசென்ற பழி முழுதாக நீங்கவில்லை. ஆய்வகத்தில் புதிதாக வந்திறங்கும் நகத்தவளையின் தோலைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, பூஞ்சை இருக்கிறதா என்று இப்போது சோதிப்பதுண்டு.